திரும்பாத பந்து

பெங்களூர் எம்.ஜி. சாலையில், சின்னசாமி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் உள்ள நாற்சந்திக்கு அனில் கும்ப்ளேயின் பெயரை வைத்திருக்கிறார்கள். வாகனங்கள் திரும்புகிற இடத்துக்கு ஒரு லெக் ஸ்பின்னரின் பெயர் பொருத்தம்தான். ஆனால் ஆடிய காலமெல்லாம் கும்ப்ளே மீது சொல்லப்பட்ட குறையே, அவர் பந்து திரும்புவதில்லை என்பதுதான்.

குறையில் உண்மை இல்லாமல் இல்லை. பசவனகுடி நேஷனல் ஹைஸ்கூலில் படித்த கும்ப்ளே, மிதவேகப் பந்து வீச்சாளராகத் தொடங்கியவர். அண்ணன் யோசனை சொல்ல, லெக் ஸ்பின்னுக்கு மாறினார். மாறினாலும் உடம்பு பழைய தொழிலை மறக்கவில்லை. ஆறடிக்கு மேல் உயரம், காதை உரசுவது போல் உச்சியிலிருந்து இறங்கும் கை, கொஞ்சம் அவசரமான ஓட்டம். லெக் ஸ்பின் என்றால் மணிக்கட்டைச் சுழற்றி, பந்தைக் காற்றில் மிதக்கவிட்டு, தரையில் பட்டதும் சீறித் திரும்பச் செய்வது என்பது சாஸ்திரம். கும்ப்ளேயின் பந்து மிதக்கவில்லை. வேகமாக வந்து, குத்தி எழும்பி, ஏறக்குறைய நேராகவே போனது.

1990 ஆகஸ்டில் மான்செஸ்டரில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்டுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் பெங்களூர் ஆர்.வி. கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிப்பை முடித்தார். நடுத்தர வர்க்கத்துப் பெற்றோருக்கு இதுவே போதுமான வெற்றியாகத் தோன்றியிருக்கும்.

1993 ஜூனில், அதே மான்செஸ்டர் மைதானத்தில், ஷேன் வார்ன் வீசிய ஒரு பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து மைக் கேட்டிங்கின் ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. லெக் ஸ்பின் என்றால் இதுதான் என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. அந்தச் சூழலில் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் வார்னைப் போல் வீச முயன்று, தன் கையையும் கெடுத்துக்கொண்டு, காணாமல் போயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

கும்ப்ளே அப்படிச் செய்யவில்லை. தன்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தார். உயரம் இருந்தது, அதனால் பந்து எகிறியது. வேகம் இருந்தது. மணிக்கு 75 கிலோமீட்டரில் வரும் பந்தைப் பார்த்து ஆட பேட்ஸ்மேனுக்கு முக்கால் நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாக அவகாசம் உண்டு. 90ல் வந்தால் அதில் சுமார் ஆறில் ஒரு பங்கு பறிபோகிறது. பின்காலுக்குப் போய் யோசித்து ஆட நேரமிருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்ன இடத்தில் சொன்னபடி, நாள் முழுக்கச் சலிக்காமல் போடும் பொறுமை இருந்தது.

திருப்பத்தைப் பற்றியும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஓர் அடி திரும்பும் பந்து மட்டையைத் தாண்டிப் போய்விடும். அரங்கம் 'ஆகா' என்னும். ஸ்கோர் புத்தகத்தில் ஒன்றும் ஏறாது. இரண்டு அங்குலம் திரும்பும் பந்துதான் மட்டையின் ஓரத்தைத் தொடும். திரும்பாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே வருவது காலில் படும். டெஸ்டில் கும்ப்ளே எடுத்த 619 விக்கெட்டுகளில் 150க்கும் மேற்பட்டவை எல்.பி.டபிள்யூ. திரும்புவதில்லை என்று சொல்லப்பட்ட பந்துதான் அத்தனை பேரையும் பெவிலியனுக்குத் திருப்பியது.

1992ல் டெல்லிக்கு எதிரான இரானி கோப்பை ஆட்டத்தில் 13 விக்கெட் எடுத்து மீண்டும் கதவைத் தட்டினார். 1993 நவம்பர் 27 அன்று கல்கத்தாவில் ஹீரோ கோப்பை இறுதி ஆட்டத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 12 ரன்னுக்கு 6 விக்கெட். 1995ல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் அணிக்காக ஒரே கோடையில் நூறு விக்கெட்டுகளைத் தாண்டினார். 1999 பிப்ரவரி 7ல் டெல்லியில் பாகிஸ்தானின் பத்து பேரையும் ஒரே இன்னிங்ஸில் அவரே வீழ்த்தியதைப் பாட்டிகளும் அறிவார்கள்.

வள்ளுவர் அரசனுக்கு எழுதிய அதிகாரங்களில் 48வது, வலியறிதல். செய்யப்போகும் காரியத்தின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணை நிற்பவர்களின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோட்ட பிறகு இறங்கு என்கிறார். இதில் தன் வலிமையை அறிவதுதான் ஆகக் கடினம் என்பது அனுபவத்தில் தெரியும். நமக்கு எளிதாக வருவதை நாம் திறமை என்றே நினைப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவதுதான் திறமை.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகிய பிறகு, 'உங்கள் பலம் என்ன?' என்று கேட்கும் பயிற்சி வகுப்புகளும் பெருகின. கேள்வித்தாள், மதிப்பெண், வண்ணப் படம், மதிய உணவு. இவற்றை முழுக்கப் பரிகசிக்க வேண்டியதில்லை. ஆனால் தன்னைப் பற்றித் தானே பதில் எழுதி, அதையே திரும்ப அச்சில் வாங்கிப் படிப்பதில் புதிதாக என்ன தெரிந்துவிடப் போகிறது என்ற சந்தேகம் நியாயமானது. நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் ட்ரக்கர், தொண்ணூறை நெருங்கிய வயதில், 1999ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைவிடச் செலவு குறைந்த வழியைச் சொன்னார். முக்கியமான முடிவு எடுக்கும்போதெல்லாம், அதனால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வையுங்கள். ஒன்பது மாதமோ ஒரு வருடமோ கழித்து, நடந்ததோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் பலம் எங்கே இருக்கிறது என்று தாளே சொல்லிவிடும். ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான் முதலீடு. பந்து வீச்சாளர்களுக்கு ஸ்கோர் புத்தகம் அந்த வேலையைத் தினமும் செய்கிறது. மற்றவர்களுக்கு யாரும் எழுதி வைப்பதில்லை. பாராட்டையே விளைவு என்று எண்ணிக்கொள்கிறோம்.

நம் வீடுகளின் வழக்கம் இதற்கு நேர் எதிர். மதிப்பெண் பட்டியல் வந்ததும் விரல் போய் நிற்பது மிகக் குறைந்த எண்ணில். கணக்கில் 48 என்றால் கணக்குக்கு டியூஷன். வரலாற்றில் 95 வாங்கிய பையனை வரலாற்று ஆசிரியர் ஒருவரிடம் அழைத்துச் சென்று, 'இவனுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள்' என்று கேட்ட தகப்பன் அல்சூரிலும் அபூர்வம், அம்பத்தூரிலும் அபூர்வம். 48ஐ 60 ஆக்குவதில் பள்ளிப் பருவம் போய்விடுகிறது. பரீட்சையில் தேற அது அவசியமாக இருக்கலாம். ஆனால் அந்த 60ஐ நம்பிப் பிழைக்க முடியாது.

கர்நாடகத்திலேயே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. மைசூரில் பிறந்த பி.எஸ். சந்திரசேகருக்குச் சிறு வயதில் போலியோ தாக்கி வலது கை சூம்பிப்போனது. பந்தை எறிய இடது கையைப் பயன்படுத்தினார். வீசுவதற்கு மட்டும் அந்த மெலிந்த வலது கை. அது சாட்டை போல் சுழன்று, மிதவேகத்தில் கூக்ளியாக வந்து விழுந்தது. 1971 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றிக்கு வழி செய்தவர் அவர்தான். 58 டெஸ்டில் 242 விக்கெட். அதே 58 டெஸ்டில் அவர் அடித்த மொத்த ரன்கள் 167. எடுத்த விக்கெட்டை விட அடித்த ரன் குறைவு! அவருக்கு பேட்டிங் டியூஷன் வைக்க வேண்டும் என்று யாரும் பிடிவாதம் பிடிக்காதது இந்தியாவின் அதிர்ஷ்டம்.

இருந்தாலும், இருப்பதே போதும் என்று உட்கார்ந்துவிட கும்ப்ளேயின் கதை இடம் தராது. இந்தியாவின் வறண்ட ஆடுகளங்களில் சிங்கம், வெளிநாட்டில் சாதாரணம் என்ற விமர்சனத்தில் 1990களில் உண்மை இருந்தது. தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் 2001ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடரில் ஆட முடியவில்லை. அந்தத் தொடரில் ஹர்பஜன் சிங் 32 விக்கெட் எடுத்துவிட்டார். 2003 கடைசியில் ஆஸ்திரேலியா சென்றபோது முதல் டெஸ்டில் கும்ப்ளேக்கு இடமில்லை. ஹர்பஜனுக்கு விரலில் காயம் என்பதால் அடிலெய்டில் வாய்ப்பு வந்தது. இப்போது அவர் வேகத்தைக் கூட்டிக் குறைத்தார், கூக்ளியைச் செப்பனிட்டிருந்தார். மூன்று டெஸ்டில் 24 விக்கெட், சிட்னியில் ஒரே இன்னிங்ஸில் எட்டு. முப்பத்து மூன்று வயதில் கற்றுக்கொண்டதும் புதிய தொழிலாக இல்லை. உயரமும் வேகமும் துல்லியமும் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் ஏற்றிய இன்னொரு மாடி அது.

பேட்டிங் விஷயத்தில் மட்டும் அவர் சந்திரசேகர் வழியில் போகவில்லை. தனக்கு இயல்பாக வராத அந்தக் கலையையும் விடாமல் பயின்றுகொண்டிருந்தார். 2007 ஆகஸ்டில் அதே ஓவல் மைதானத்தில், தன் 118வது டெஸ்டில், முதல் சதம் அடித்தார். இன்னிங்ஸில் சதம் அடித்த ஒரே இந்தியர் அவர்தான். டெண்டுல்கரும் டிராவிடும் லட்சுமணனும் ஆடிய இன்னிங்ஸ் அது. சதத்தைத் தொட்ட அடி மட்டையின் நடுவில் படவில்லை. பீட்டர்சனின் பந்துக்கு இறங்கி வந்து வீசினார். உள்ஓரத்தில் பட்டு, விக்கெட் கீப்பரைத் தாண்டி பவுண்டரிக்கு ஓடியது.