சம்பளமும் மைதானமும்

கலூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் பந்தாட்டம் நடக்கும் நாளில் எர்ணாகுளம் முழுவதும் மஞ்சள் சட்டைகளாகக் காட்சியளிப்பதை நமது வாசகர்கள் அறிவார்கள். மட்டாஞ்சேரிக் கடைகளிலும் கிட்டங்கிகளிலும் வேலை பார்க்கும் தமிழர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. 2014ல் தொடங்கிய கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப்புக்காகக் கூடும் கூட்டம் அது. ஆனால், இதே ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு இதற்கு முன்பே ஒரு புகழ்பெற்ற கிளப் வாழ்ந்து மறைந்தது. அதை இளைய தலைமுறை மறந்துகொண்டு வருகிறது. மறக்கக் கூடாத பாடம் அது.

கலூர் ஸ்டேடியம் 1996ல் கட்டப்பட்டது. மறு ஆண்டே எப்.சி. கொச்சின் பிறந்தது. கேரளத்தின் முதல் தொழில்முறைக் கால்பந்துக் கிளப் அதுதான். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்று வளர்ந்த ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி, பெங்களூர் கார்ல்டன் சாப்மன், நமது தமிழ்நாட்டு ராமன் விஜயன் என்று நாட்டின் முன்னணி ஆட்டக்காரர்கள் அதில் சேர்ந்தார்கள். பிறந்த ஆண்டிலேயே டூராண்டு கோப்பை இறுதியாட்டத்தில் கல்கத்தாவின் மோகன் பகான் கிளப்பை 3-1 என்று வென்றது. கேரளக் கிளப் ஒன்று அந்தக் கோப்பையைப் பெற்றது அதுவே முதல் தடவை. 1997-98 தேசிய லீக் போட்டியில் 10 கோல் போட்டு முதலிடம் பெற்றவர் ராமன் விஜயன்.

இத்தனை இருந்தும் சில ஆண்டுகளுக்குள் கடன் சுமை கிளப்பை அமுக்கிவிட்டது. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். கிளப் மறைந்தது, ஸ்டேடியம் மட்டும் நின்றது. நட்சத்திரங்கள் இருந்தார்கள், கூட்டம் இருந்தது, கோப்பையும் வந்தது. மாதாமாதம் செலவைத் தாங்கும் அடித்தளம்தான் இல்லை.

கலூர் ஸ்டேடியம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்னால் இதே ஊரில் நடந்ததை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1973 டிசம்பர் 27ம் தேதி மகாராஜா கல்லூரி மைதானத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வென்று கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் டிராபியைப் பெற்றது. மூன்று கோல்களையும் போட்டவர் கேப்டன் மணி என்று பின்னாளில் அழைக்கப்பட்ட டி.கே.எஸ். மணி. அவர் 'பாக்ட்' உரத் தொழிற்சாலை அணியின் ஆட்டக்காரர். துணைக் கேப்டன் போர்ட் கொச்சி டி.ஏ. ஜாபர், களமசேரி பிரீமியர் டயர்ஸ் அணிக்காரர். பயிற்சி அளித்தவர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இடம்பெற்ற தமிழர் சைமன் சுந்தரராஜ். பின்னர் 1992ல் கோயமுத்தூரில் கேரளம் மீண்டும் அந்தக் கோப்பையை வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் இதே ஜாபர்தான்.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு இன்றுள்ள விளம்பர வருமானம் கிடையாது. ஆனால், தொழிற்சாலையில் வேலை இருந்தது. மாதச் சம்பளம் கைக்கு வந்தது. காலில் அடிபட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற தைரியம் இருந்தது. மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் நமது வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொழிற்சாலை அணிகளின் காலம் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவருவதும் எளிதல்ல. ஆனால், இன்றைய கிளப்புகள் நட்சத்திரங்களை வாங்குவதற்கு முன்னால், கடைசி ஆட்டக்காரன் வரை சம்பளம் தவறாமல் போவதற்கு வழி செய்ய வேண்டும். கால்பந்துச் சங்கமும் அதைக் கண்டிப்புடன் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது தேவை மைதானம். பெரிய ஸ்டேடியம் ஆட்டக்காரனைப் பார்க்கும் இடம். அவன் உருவாகும் இடம் தெரு முனையிலுள்ள வெறும் தரைதான். போர்ட் கொச்சி பரேடு மைதானத்தில் ரூபஸ் டிசூசா பல பத்தாண்டுகள் சிறுவர்களுக்குப் பந்தும் ஹாக்கியும் கற்றுக் கொடுத்தார். தமிழ் வண்ணார் குடும்பங்கள் துணி வெளுக்கும் தோபிக்கானாவை ஒட்டி வெளி மைதானம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லாமல் திறந்திருக்கும் ஸ்டேடியங்கள் இவைதாம்.

இந்த மைதானங்களைப் பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் வண்டி நிறுத்தவும் விடுவதற்கு ஒரு வரம்பு வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் ஆணியும் கல்லும் பொறுக்கித் தரையைச் சீராக்குவது வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு என்று மாநகராட்சி விதிக்க வேண்டும். மாலை வேளை பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவிட வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பந்தாட்டம் படிப்பைக் கெடுக்கும் என்று பிள்ளையை வீட்டில் அடைப்பதால் மார்க்கு கூடிவிடுவதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் விளையாட அனுப்புங்கள். அடுத்த ராமன் விஜயன் மட்டாஞ்சேரிச் சந்து ஒன்றிலிருந்தும் வரலாம். அவன் வரும்போது ஓட ஒரு மைதானமும், உழைப்புக்கு உரிய சம்பளமும் காத்திருக்க வேண்டும்.