கழனியில எப்பவும் தண்ணி நிக்கணும்னு யார் சொன்னது?

போன வாரம் காஞ்சிபுரம் போயிருந்தேன், பிள்ளையார்பாளையத்துல பட்டு நெய்யற மச்சான் வீட்டுக்கு. காபி குடிக்கும்போது கேட்டாரு: "ஏன் மச்சான், நெல்லுக் கழனியிலேருந்து மீத்தேன் வருதாமே, டிவியில சொன்னான். எங்க குழித்தறிக்கு கரண்டே வேணாம், கையும் காலும் போதும். அப்ப இந்த வெயிலுக்குக் காரணம் நீங்கதானா?"

கிண்டல்தான். ஆனா சுருக்குன்னு இருந்துச்சு. "காந்தி ரோட்டுல பட்டுக்கடைங்கள்ல ஏசி ஓடுதே, வாசல்ல காருங்க வரிசையா நிக்குதே, அதெல்லாம் கண்ணுக்குத் தெரியலையா?"ன்னு கேட்டுட்டு பஸ் ஏறிட்டேன்.

பஸ்ல வரும்போது யோசிச்சா, மச்சான் சொன்னதுல பாதி உண்மை. அந்தப் பாதியை நாம ஒத்துக்கத்தான் வேணும்.

கழனியில வாரக்கணக்கா தண்ணியைக் கட்டியே வச்சா சேத்துக்குள்ள காத்து போகாது. காத்தில்லாத இடத்துல வாழுற நுண்ணுயிருங்க, மக்குற தாளையும் வேரையும் தின்னு மீத்தேனை விடும். பயிரோட தண்டு வழியாவே அது மேல வந்துடும். மனுஷனால உலகத்துல வெளியாகுற மீத்தேன்ல 8-லேருந்து 10 சதவீதம் நெல் வயலோடதுன்னு கணக்கு. 100 வருஷக் கணக்குல பார்த்தா, ஒரு கிலோ மீத்தேன் 27, 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமா சூட்டைக் கூட்டும்.

மீதிப் பாதியையும் சொல்லணும். மீத்தேன் சுமார் 12 வருஷத்துல சிதைஞ்சு போயிடும். காரும் அனல்மின் நிலையமும் விடுற கரியமில வாயு நூத்துக்கணக்கான வருஷம் நிக்கும். சோத்துக்கு உழுறவனையும் சொகுசுக்கு எரிக்கிறவனையும் ஒரே கூண்டுல ஏத்தாதீங்க.

2021-ல கிளாஸ்கோ மாநாட்டுல, 2030-க்குள்ள மீத்தேனை 30 சதவீதம் குறைக்கிறோம்னு 100 நாட்டுக்கு மேல உறுதி சொல்லுச்சு. இந்தியா சேரல. சிறு விவசாயி பிழைப்புதான் காரணம்னு சொன்னாங்க. நம்மளை நினைச்சுப் பார்த்ததுக்கு நன்றி. ஆனா அதைச் சாக்கா வச்சு நாம சும்மா இருந்தா நட்டம் நமக்குத்தான்.

ஏன்னா வழி நம்ம பேச்சுலயே இருக்கு: காய்ச்சலும் பாய்ச்சலும். நட்டு ரெண்டு வாரம் வரைக்கும் தண்ணி நிக்கட்டும், களை அடங்கும். அப்புறம் காயவிட்டுப் பாய்ச்சணும். ஒரு அடி நீள பிவிசி குழாய்ல ஓட்டை போட்டு, பாதியை மண்ணுல புதைச்சு வச்சா உள்ள தண்ணி மட்டம் தெரியும். மண்ணுக்குக் கீழ 15 செ.மீ. இறங்கினதும் திரும்ப 5 செ.மீ. உயரத்துக்குக் கட்டினா போதும். பூக்குற சமயத்துல மட்டும் காயவிடாதீங்க. ஒழுங்கா செஞ்சா தண்ணி 30 சதவீதம் வரைக்கும் மிச்சம், மீத்தேன் பாதி வரைக்கும் குறையும். ஒண்ணு, யூரியாவை மொத்தமா கொட்டக்கூடாது. கொட்டினா நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும், அது மீத்தேனை விட மோசம். பிரிச்சுப் பிரிச்சு, தண்ணி கட்டறதுக்கு முன்னாடி போடுங்க.

போன நவரையில கிணத்துப் பாசனக் கழனியில இப்படிச் செஞ்சேன். மோட்டார் ஓடின நேரம் நல்லா குறைஞ்சுது, நெல்லு குறையல. அந்தத் தைரியத்துல ஏரிப் பாசனக் கழனியிலயும் முயற்சி பண்ணேன். தோத்துட்டேன். அங்க கழனிக்குக் கழனி தண்ணி பாயுது. நான் காயவிட்டா, மேல் கழனிக்காரர் வடிக்கிற தண்ணி என் கழனி வழியாத்தான் கீழ போகணும். நான் அடைச்சா கீழ் கழனிக்காரர் சண்டைக்கு வராரு. அவர் மேல தப்பில்ல, மடை அடுத்து எப்ப திறப்பாங்கன்னு அவருக்கே தெரியாது. தெரியாதவன் கிடைக்கும்போது கட்டி வச்சுக்கத்தான் செய்வான்.

இந்த நேரத்துல ஒரு கம்பெனி ஆளு வந்தாரு. இலவசமா குழாய் தரேன், போட்டோ எடுத்துக்கறேன், இங்கிலீஷ் பேப்பர்ல கையெழுத்து போடுங்க, கார்பன் கிரெடிட் வரும்னாரு. எவ்வளவு வரும், எங்களுக்கு எவ்வளவுன்னு கேட்டேன். பதிலைக் காணோம். குழாய் நட்டா போதுமா சார்? முறைவச்சுத் தண்ணி விட ஆளு வேணாமா?

உத்திரமேரூர் கல்வெட்டைப் பத்தி மேடைக்கு மேடை பேசுறாங்க. முதலாம் பராந்தக சோழன் காலம், 1,100 வருஷம் ஆகுது. அதுல குடவோலையில தேர்ந்தெடுத்த 6 பேர் கொண்ட ஏரி வாரியம் இருக்கு. கணக்கு காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் திரும்ப வாரியத்துக்கு வர முடியாது. அந்தச் சபையில நிலம் வச்சிருந்த பிராமணருக்குத்தான் இடம், உழுதவனுக்கு இல்ல. அந்தப் பழசு நமக்கு வேணாம். கணக்கு கேட்ட பழக்கம் மட்டும் வேணும்.

இன்னொரு கசப்பையும் சொல்லிடறேன். 1990-லேருந்து பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். அதுக்கு முன்னாடி மின்கட்டணப் போராட்டத்துல விவசாயிங்க துப்பாக்கிச் சூட்டுல செத்திருக்காங்க. அந்த மின்சாரத்துல கை வைக்க யாரையும் விடக்கூடாது. ஆனா மோட்டாரைப் போட்டுட்டு வீட்டுல போய்த் தூங்கறது உரிமை இல்ல. அது ஓடுற நேரமெல்லாம் எங்கேயோ நிலக்கரி எரியுது.

நான் கேக்கறது மூணுதான். மடை திறக்கறதுக்கு முன்னாடி ஊர்க்கூட்டம் போட்டு, எந்தப் பக்கத்துக்கு எந்த நாள் தண்ணின்னு எழுதி ஒட்டணும். நீர்க்கட்டிக்கு ஒழுங்கா கூலி கொடுக்கணும். கழனிக்குக் கழனி விடாம பக்கக் கால்வாயைத் தூர் எடுக்கணும்.

இந்த நவரைக்கு எங்க ஊர்க் கூட்டத்துல இதைப் பேசப் போறேன். "உனக்கு ஏன்டா இந்த வேலை"ன்னு நாலு பேர் கேப்பாங்க, தெரியும். கேக்கட்டும். முறை தெரிஞ்சா ஒருத்தனும் தண்ணியைப் பதுக்க மாட்டான். அது நடந்தாத்தான் மச்சானுக்கு நான் நேரா பதில் சொல்ல முடியும்.