புதியவரிடம் சாவியைக் கொடுக்கலாமா?

திருமலையில் உண்டியல் காணிக்கையை எண்ணும் பரகாமணியில் எவரும் தனித்து அமர்ந்து எண்ணுவதில்லை. பலர் கூடி, கண்காணிப்பின் கீழ் எண்ணுகின்றனர். எண்ணுபவர் மீது சந்தேகம் என்பதல்ல. பெரும் பொறுப்பு ஒருவர் கையில் மட்டும் இருக்கலாகாது என்பதே காரணம்.

கம்ப்யூட்டர் உலகம் இந்தப் பாடத்தை 2024இல் அழுத்தமாக உணர்ந்தது. உலகின் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்களால் இயங்குகின்றன. இவற்றின் நிரலை யாரும் படிக்கலாம். திருத்தம் எழுதி அனுப்பலாம். ஆனால் அதை ஏற்றுச் சேர்க்கும் உரிமை சிலருக்கே உண்டு.

'எக்ஸ்இசட்' என்ற மென்பொருளைப் பின்லாந்தின் லாசே கொலின் ஊதியமின்றிப் பல ஆண்டுகள் தனியாகவே பராமரித்து வந்தார். 2021இல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். 'வேலை தாமதமாகிறது, வேறொருவரை நியமியுங்கள்' என்று வேறு சில பெயர்களில் நெருக்கடியும் வந்தது. முடிவில் புதியவர் கைக்குச் சாவி சென்றது. 2024 தொடக்கத்தில் வெளியான பதிப்புகளில் ரகசியப் பின்வாசல் புகுந்தது. சர்வருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்த மைக்ரோசாப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். பேராபத்து நீங்கியது.

இதனால் புதியவர்களுக்குக் கதவடைப்பது சரியாகுமா? சித்தூர், திருப்பதிக் கல்லூரிகளில் படித்து வேலை தேடும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது கவலைக்குரிய கேள்வி. சிபாரிசோ மூலதனமோ இன்றித் திறமையைக் காட்டக்கூடிய துறைகளில் இதுவும் ஒன்று. கதவை அடைத்தால் முதலில் வெளியே நிற்பவர்கள் இவர்களே. திட்டங்களுக்கும் நஷ்டம்தான். தனி ஆள் சோர்ந்து போனதே எக்ஸ்இசட்டில் சூழ்ச்சிக்கு வழிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

படிப்படியாக உரிமை தருவதே வழி. பைதான் திட்டத்தில், வரும் புகார்களைத் தரம் பிரிக்க மட்டும் தனி உரிமை உண்டு. அதை வைத்து நிரலில் கை வைக்க முடியாது. நிரலைச் சேர்க்கும் உரிமை பெற, மூத்த உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை.

புதியவரை நம்பியதல்ல, ஒரே ஒருவரை நம்பியதே 2024இல் நேர்ந்த பிழை. சாவி கொடுக்கலாம், பூட்டைக் கவனிக்க இன்னும் இரண்டு கண்கள் வேண்டும்.