தறிக்குழியும் முழங்காலும்

ஆரணியில் குழித்தறி நெய்கிறவருக்கு உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்தவர், சாப்பாட்டுக்கு எழும்போது இரண்டு கையையும் தரையில் ஊன்றி, வலிக்காத காலை முதலில் மேலே வைக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நிற்கிறார். முதல் நாலு எட்டு விந்தி விந்தித்தான். அப்புறம் கால் பழகிவிடும். பழகிவிடுவதால்தான் மூட்டுத் தேய்மானத்தை யாரும் நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் பெரியம்மா தார் சுற்றியே காலம் தள்ளியவர். கோயிலுக்குப் போவதை முதலில் நிறுத்தினார். பிறகு மாடிப்படி, பிறகு கடைத்தெரு. இப்போது மூட்டு மாற்று ஆபரேஷன் என்று முடிவானதும் கட்டிலோடு ஒடுங்கிவிட்டார். "அதான் மாத்தப் போறாங்களே, அதுவரைக்கும் எதுக்குடா இந்தக் காலைப் போட்டு வதைக்கணும்?"

இந்த எண்ணம்தான் கெடுதல். வலிக்குப் பயந்து நடக்காமல் இருந்தால் தொடையின் முன்பக்கத் தசை இளைத்துப்போகிறது. முட்டியைத் தாங்குவதே அந்தத் தசைதான். அது தளர்ந்தால் கால் மடங்குகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடை இன்னும் குறைகிறது. டாக்டர் மாற்றுவது தேய்ந்த மூட்டைத்தான், இளைத்த தசையை அல்ல. ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு நடந்தாரோ, அதையொட்டித்தான் பின்னாலும் நடை தேறுகிறது.

செய்யவேண்டியது பெரிதல்ல. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்கவேண்டும். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும். பலரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். உடம்பு பருமனாக இருந்தால், ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வொரு எட்டிலும் முட்டிமேல் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறையும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. தறிக்காரர் தெருக்களில் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் ஆகவேண்டும்.

உங்கள் வீட்டில் ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்கும் பெரியவர் இருந்தால் அவரைக் கட்டிலில் விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கையைப் பிடித்துத் தெருமுனை வரையாவது தினமும் நடத்திக் கூட்டிப் போங்கள்.