கறுப்பு வெள்ளைக் கழகம் யாருடையது?



பெருநாளையொட்டி இப்பகுதியில் ஃபித்ரா பற்றியோ, பிள்ளைகளின் புத்தாடைச் செலவு பற்றியோ எழுதுவதே வழக்கம். இம்முறை பந்தாட்டம் பற்றி எழுதுகிறேன். தாய்மார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கூலி, கணக்கு, அமானிதம் ஆகிய மூன்றும் இதற்குள் இருக்கின்றன.

கல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். 1891ஆம் ஆண்டு தோன்றியது. 1934இல் கல்கத்தா லீகின் முதற் பிரிவில் காலடி வைத்த அதே ஆண்டில் கோப்பையைக் கைப்பற்றியது. அதுவரை எந்த இந்தியக் கழகமும் அந்த லீகை வென்றதில்லை. வென்றவை வெள்ளையர் அணிகளே. அத்துடன் நில்லாமல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அதுவே வாகை சூடியது. 1936இல் ஐ.எஃப்.ஏ. கேடயம், 1940இல் டெல்லியில் ராணுவ அணியை வீழ்த்தி டூரண்ட் கோப்பை என வெற்றிகள் தொடர்ந்தன. வானொலிப் பெட்டியே அரிதாயிருந்த அக்காலத்தில், இச்செய்திகள் நாளிதழ்கள் வழியாகவே தென்னாட்டு வீடுகளை எட்டின.

அக்கழகத்தின் முஹம்மது சலீம் 1936இல் கப்பலேறி ஸ்காட்லாந்து சென்று, செல்டிக் அணிக்காக வெறுங்காலில் துணிக்கட்டுடன் ஆடினார். ஐரோப்பியக் கழகமொன்றிற்கு ஆடிய முதல் இந்தியர் அவரே. அங்கேயே தங்கிவிடுமாறு வற்புறுத்தியும், ஊர் நினைவு தாங்காமல் திரும்பிவிட்டார். வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் திருச்சிக் குடும்பங்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

பிற்காலக் கதை இத்தனை ஒளி மிக்கதன்று. 1980களில் ஃபெடரேஷன் கோப்பைகள் கிடைத்தன. பின்னர் நெடுங்காலச் சரிவு. கல்கத்தா லீகை 1981க்குப் பிறகு மீண்டும் வெல்ல நாற்பது ஆண்டுகள், அதாவது 2021 வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. 2024 ஏப்ரலில் ஷில்லாங் நகரில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று ஐ-லீக் பட்டத்தைப் பெற்றபோது, அது ரமளானின் கடைசிப் பத்து நாட்கள். தராவீஹ் முடிந்து வந்த இளைஞர்கள் கைப்பேசியில் அந்தக் கோல்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததைப் பாலக்கரைப் பக்கம் நானே கண்டேன். அந்த வெற்றியின் பயனாக ஐ.எஸ்.எல். என்னும் முதல்நிலைப் போட்டிக்குள் கழகம் நுழைந்தது. அங்கு அதன் முதல் வெற்றியே 2024 செப்டம்பரில் சென்னையில், சென்னையின் எஃப்.சி. அணிக்கு எதிராகக் கிட்டியது. தமிழ்நாட்டு ரசிகனாக அன்று எந்தப் பக்கம் கைதட்டுவது என்று சிலர் தடுமாறினர். நான் தடுமாறவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அதற்குப் பின்னர்தான் வேதனை. ஐ.எஸ்.எல். ஆட்டத்திற்குப் பெரும்பணம் தேவை. உறுப்பினர் சந்தாவால் ஆகிற காரியமன்று. முதலீட்டாளர்கள் வந்தனர். கழகத்திற்கும் அவர்களுக்குமிடையே பங்குகளை மாற்றித் தருவது குறித்துப் பிணக்கு எழுந்தது. உரிமை யாருக்கு என்பது தெளியாத நிலையில் சம்பளம் நின்றது. 2025 ஜனவரியில் ரஷ்யப் பயிற்சியாளர் செர்னிஷோவ், ஊதியம் வரவில்லை என்று கூறி விலகினார். ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வர மறுத்த நாட்களும் உண்டு. இருபத்து நான்கு ஆட்டங்களில் இரண்டே வெற்றிகளுடன் கழகம் பதின்மூன்றாவது இடத்தில், அதாவது கடைசியில், அப்பருவத்தை முடித்தது.

தோல்வி எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. உழைத்தவனின் கூலியைத் தாமதிக்கலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியதை ஒவ்வொரு ஜும்ஆவிலும் கேட்கும் சமுதாயம் நாம். அவர்களின் திருப்பெயரைத் தாங்கிய கழகத்தில், மிஸோரத்திலிருந்து வந்த இளைஞனும் கடல் கடந்து வந்த ஆட்டக்காரனும் சம்பளத்திற்காகக் காத்து நின்றார்கள். அவர்கள் நம் மார்க்கத்தவர் அல்லர் என்பது இவ்விடத்தில் குற்றத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. நோன்பு மாதத்தில் ஜகாத் கணக்கைப் பைசா பிசகாமல் பார்க்கிறோம். தர வேண்டிய கூலி ஜகாத்துக்கும் முந்திய கடன் அல்லவா?

காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில் எனக்கொரு ஐயங்கார் நண்பர் உண்டு. மோகன் பகான் பக்தர். 1911இல் வெறுங்காலோடு ஆங்கிலப் படையணியை வென்ற பெருமையை வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தின் நடுவிலும் பேசக்கூடியவர். அவர் கேட்டார்: "ஏன் பாய், எங்கள் கோயிலுக்குத் தர்மகர்த்தா இருக்கிறார், உங்கள் பள்ளிவாசலுக்கு முத்தவல்லி இருக்கிறார். உங்கள் கழகத்துக்கு யார்?"

கேள்வி நன்று. முத்தவல்லி வக்ஃபுக்குச் சொந்தக்காரர் அல்லர், காப்பாளர். விற்க உரிமையில்லை, கணக்குக் காட்டும் கடமை உண்டு. பந்தாட்டக் கழகம் சட்டப்படி வக்ஃப் ஆகாது. ஆயினும் நூற்று முப்பதாண்டுகளாக எத்தனையோ பேரின் அன்பால் வளர்ந்த ஒன்றை வெறும் பங்குப் பத்திரமாக எண்ணுவதற்கும் மனம் ஒப்பவில்லை. அதேவேளை, முதலீட்டாளரே வேண்டாம் என்று ஆவேசப்படுவோரையும் நான் ஏற்கமாட்டேன். நண்பரின் மோகன் பகான் 2020இல் பெருநிறுவனத்தோடு இணைந்தது. பெயருக்கு முன்னால் ஒட்டியிருந்த ஏ.டி.கே. என்பதை ரசிகர்கள் விடாமல் எதிர்த்ததனால் 2023இல் அது நீங்கியது. பணமும் வந்தது, பெயரும் மீண்டது. ஈஸ்ட் பெங்காலோ 2018 முதல் நான்காண்டுகளுக்குள் மூன்று முதலீட்டாளர்களைக் கண்டது.

நம் மாநிலத்திலும் பாடம் இருக்கிறது. கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., 2019 மார்ச்சில் ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டம் வென்றது. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் அதில் பங்கு வாங்கியது. சில ஆண்டுகளில் அந்த லீகிலேயே அதன் பெயர் இல்லை. கோப்பை வென்ற கழகமும் அழியும்.

பெருநாள் தொழுகை முடிந்து, நத்ஹர் வலி தர்கா வீதியில் முஸாபஹா செய்துகொள்ளும்போது இதையெல்லாம் எவரும் பேசப்போவதில்லை. பிரியாணியும் உறவினரும் காத்திருப்பார்கள். ஸ்ரீரங்கத்து நண்பர் மாலையில் சேமியாப் பாயசத்திற்கு வருவார். விடையைக் கேட்காமல் போகமாட்டார்.

தோல் வியாபாரம், உத்தியோகம் என்று கல்கத்தாவில் வாழ்ந்த பெரியவர்கள் நம் வாசகர்களிடையே உண்டு. மைதானத்தில் கறுப்பு வெள்ளைச் சட்டைகளை நேரில் கண்டிருந்தால், கழக நிர்வாகம் அக்காலத்தில் எவ்வாறு நடந்தது, உறுப்பினர்களிடம் கணக்கு வாசிக்கப்பட்டதா, ஆட்டக்காரர்களைப் பராமரித்தது யார் என்பவற்றை எழுதியனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழ்களில் வெளியிடுவோம். ஈத் முபாரக்.