திரையில் உறைந்த இமயம்

புது தில்லி: முப்படையினருக்கும் கடலோரக் காவல் படையினருக்கும் சிமுலேட்டர் எனப்படும் பாவனைக் கருவிகள் மூலம் பயிற்சி அளிப்பதை அதிகரிக்க, பாதுகாப்பு அமைச்சகம் 2021 செப்டம்பரில் கொள்கை வரையறை ஒன்றை வெளியிட்டது. எரிபொருளும் வெடிபொருளும் மிச்சமாகும், உயிருக்கு ஆபத்தில்லை. தில்லியில் போர் ஒத்திகை மேம்பாட்டு மையம் அமைப்பதற்கான ஒப்பந்தம் 2022 மே மாதம் கையெழுத்தானது. நோக்கத்தில் குறை காண இடமில்லை. ஆனால், திரையில் வீரர் காணும் மலையும் ஆறும் எந்த நாளில் இருந்தவை என்ற கேள்வி போதிய அளவு எழுப்பப்படவில்லை.

சிக்கிமின் தெற்கு லோனாக் பனி ஏரி, 2023 செப்டம்பர் 28-ல் 167 ஹெக்டேர் பரப்பில் இருந்தது. அக்டோபர் 4-ல் எஞ்சியது 60 ஹெக்டேர்தான் என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. உடைந்த ஏரியின் நீர் தீஸ்தா நதியில் பாய்ந்து, சுங்தாங் அணையைத் தகர்த்தது. பர்டாங்கில் 23 ராணுவ வீரர்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டனர். ஒருவர் உயிருடன் மீட்கப்பட்டார். ஆற்றங்கரை, பாலம், சாலை எல்லாம் ஓரிரவில் மாறின. எந்தக் கருவியும் அவ் வெள்ளத்தைத் தடுத்திருக்காது. எனினும், மாறாத நிலத்திலேயே பழகும் அதிகாரி, கரையைக் கரையாகவே நம்பப் பழகிவிடுவார்.

மாறும் நிலத்தைக் கணினியில் உருவாக்குவது எளிதல்ல. குண்டு விழுந்து பள்ளம் தோன்றினால் உயரம், பார்வை எல்லை, வாகனப் பாதை அனைத்தையும் உடனே மீண்டும் கணக்கிட வேண்டும். பலர் சேர்ந்து பயிலும்போது எல்லாத் திரைகளிலும் அப் பள்ளம் ஒரே நேரத்தில் தோன்ற வேண்டும். இல்லையெனில், ஒருவர் பதுங்கியிருக்கும் பள்ளம் எதிராளியின் திரையில் சமதரையாக இருக்கும்!

இதற்கான அறிவு நாட்டில் இல்லாமல் இல்லை. 2005 மே 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்டோசாட்-1, ஒரே இடத்தை இரு கோணங்களில் படம்பிடித்து மேடு பள்ளங்களை அளக்க உதவியது. ஆனால், அது படமெடுத்த நாளின் நிலம். நிலத்தை மாற்றும் மழையையும் காற்றையும் ஆராய்வோர், அதே திருப்பதி மாவட்டத்தில், காட்பாடி வழியே திருப்பதி செல்வோர் கடந்துபோகும் பாகாலாவை அடுத்த கடங்கியில் உள்ளனர். அங்குள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ராடார் 1990-களிலிருந்து வானை அளந்து வருகிறது.

இத்தகைய மையங்களின் தகவல்கள் பயிற்சிக் கூடங்களுக்குத் தொடர்ந்து சென்று சேர வேண்டும். கருவியின் விலையோடு, நிலத் தகவலைப் பருவந்தோறும் புதுப்பிக்கும் செலவும் பொறுப்பும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே இடம்பெறுவது அவசியம்.