மழை இறங்குமுன் அணைக்கரைக்கு வாருங்கள்!

சாயப்பட்டறைத் தோழர்களே, பனியன் கம்பெனித் தோழர்களே, நொய்யல் கரை விவசாயிகளே!

ஐப்பசி மழை நெருங்கிவிட்டது. ஆற்றில் வெள்ளம் புரண்டதும் இருட்டோடு இருட்டாகக் கழிவைத் திறந்துவிடக் காத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குள் நாம் கூட வேண்டும்.

1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த அணை ஒரத்துப்பாளையம். சில வருடங்களிலேயே அது திருப்பூரின் கழிவுத் தொட்டியாகிவிட்டது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் பெரும்பாலும் துணியோடு போகும், உப்பு போகாது. அத்தனையும் அலசிய தண்ணீரோடு ஆற்றில் இறங்கியது. கிணறு உவர்த்தது. தென்னை பட்டுப்போனது. தங்கள் அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சிய கொடுமை இங்கேதான் நடந்தது.

ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நிலை வரும்வரை லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு வைத்தது. முதலாளிகள் அதையும் மதிக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. கழிவைத் திறந்துவிடச் சொன்னது முதலாளி. வேலை போனது நமக்கு. விவசாயிதான் உங்கள் சோற்றில் மண்ணைப் போட்டான் என்று நம்மிடமே சொன்னார்கள். காங்கயத்திலும் வெள்ளகோவிலிலும் காடு காய்ந்து டவுனுக்கு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! யாருக்கு எதிராக யாரைத் தூண்டுகிறார்கள்?

இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன. அவை போராடிப் பெற்றவை, விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பை யார் எடுப்பது? நிலையங்களில் குவியும் கழிவுச் சேற்றை எங்கே கொட்டுவது? 2025 மே மாதம் கரைப்புதூரில் சாயப்பட்டறைத் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயுவில் செத்தார்கள். ஆற்றைக் கொன்ற அதே அலட்சியம்தான் அவர்களையும் கொன்றது.

பாதித்த நிலம் முழுவதற்கும் இழப்பீடு வேண்டும். கிணறுகளை அரசே சோதித்து முடிவை ஊர்ச் சாவடியில் ஒட்ட வேண்டும். தொட்டிக்குள் மனிதர்களை இறக்குவது நிற்க வேண்டும். நம் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் இந்தச் செலவில் பங்கு கொடுக்க வேண்டும்.

ஞாயிறு காலை ஒரத்துப்பாளையம் அணைக்கரை. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் அப்படியே வாருங்கள். விவசாயிகள் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, ஊர்ப் பெயர் எழுதிக் கொண்டுவாருங்கள். இரவில் கழிவு திறந்ததைக் கண்ட பட்டறைத் தோழர்கள் எந்த இடம், எந்த நேரம் என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் பெயர் வெளியே போகாது. அதற்குச் சங்கம் பொறுப்பு.